வீட்டு வானொலி நிலையத்தில் வழிதவறும் மின்னோட்டம்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அற்றபோது, போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர் செய்திகளை நாட்டின் பிற பகுதிகளுக்கு அனுப்பி உதவினர். இத்தகைய வேளையில் பேச்சு தெளிவாகச் சென்றடைதல் இன்றியமையாதது. ஆனால், வீடுகளில் அமைந்த நிலையங்கள் பலவற்றில், ஏரியலுக்கு உரிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி வழிதவறி அறைக்கே திரும்பிவிடுகிறது. அதன் விளைவாக மைக்கின் உலோகப் பகுதி உதட்டைச் சுடும், பேச்சு சிதையும், கணிப்பொறி தடுமாறும், அண்டை வீட்டு ஒலிபெருக்கியிலும் இரைச்சல் எழும்.

இது தோன்றும் விதத்தை அறிதல் கடினமன்று. ஏரியலுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் கோஆக்சியல் வடத்தில், நடுவே ஒரு கம்பியும் அதனைச் சூழ்ந்து செம்புப் பின்னலுறையும் உள்ளன. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே பாயும் இயல்புடையது. 7 மெகாஹெர்ட்ஸில் அதன் பெரும்பகுதி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு ஆழத்திற்குள் அடங்கிவிடும். ஆகவே உறையின் உட்புறமும் வெளிப்புறமும் இரு தனிக் கடத்திகளைப் போல இயங்குகின்றன. நடுக்கம்பியிலும் உறையின் உட்புறத்திலும் பாயும் மின்னோட்டங்கள் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருத்தலால், அவற்றின் விளைவு வெளியே தெரிவதில்லை. ஆனால் வடம் ஏரியலின் நடுவில் இணையும் இடத்தில், உறையின் மின்னோட்டத்திற்கு இரு வழிகள் உண்டு: ஒன்று ஏரியலின் ஒரு கை, மற்றொன்று உறையின் வெளிப்புறம். இரண்டாம் வழியில் திரும்புவதே தொல்லைக்குக் காரணமாகும்.

நல்ல எர்த் இணைப்பு இருந்தால் போதும் என்று கருதுவோர் உளர். இது முற்றும் சரியன்று. 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். மாடி அறையிலிருந்து நிலம்வரை இறங்கும் எர்த் கம்பி 10½ மீட்டர் நீளமாயின், அது கால் அலைநீளமாகும். அந்நிலையில், கீழ்முனை நிலத்தோடு சேர்ந்திருந்தும், மேல்முனை அவ்வலைக்குத் துண்டிக்கப்பட்டது போலவே ஆகும். கம்பியும் ஓர் ஏரியலாகிவிடும். ஆயினும் மின் அதிர்ச்சியினின்று காக்கும் எர்த் இணைப்பை ஒருபோதும் அகற்றலாகாது. அதன் பணி வேறு.

முறையான பரிகாரம், தவறான வழியை அடைப்பதே. வடம் ஏரியலோடு சேரும் இடத்தில், அந்த அலைவரிசைக்கு ஏற்ற பெரைட் வளையத்தின்மீது வடத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றினால் ஓர் அடைப்புச் சுருள் உண்டாகும். வடத்தின் உள்ளே எதிரெதிராகப் பாயும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் சுருள் அவற்றைத் தடுப்பதில்லை. வெளிப்புற மின்னோட்டத்திற்கு மட்டும் அது சில ஆயிரம் ஓம் மறிப்பை அளிக்கும். இதனுடன், வடத்தை ஏரியலுக்குச் செங்குத்தாக இறக்குதலும், மேசைமீதுள்ள கருவிகளின் உலோகப் பெட்டிகளைக் குறுகிய நீளமுள்ள அகன்ற செம்புப் பட்டைகளால் இணைத்தலும் நலம்.

வடத்தின் நீளத்தைச் சிறிது மாற்றியவுடன் நிலையலை விகிதம் வெகுவாக மாறுமாயின், வெளிப்புறத்தில் மின்னோட்டம் உண்டு என்று ஐயுறலாம். சோதனைகளைக் குறைந்த திறனிலேயே செய்தல் வேண்டும். அலைபரப்பும் வேளையில் ஏரியலைத் தொடுதல் கூடாது.

அடைப்புச் சுருளால் மற்றொரு பயனும் உண்டு. வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளும் மின்கல மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல், உறையின் வெளிப்புறம் வழியாகவே ஏரியலை அடைந்து, ஏற்பியினுள் புகுவதுண்டு. அவ்வழி அடைபட்டால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் செவிக்கு எட்டும். இடர்க்காலத்தில் உதவி கோரும் குரல் பெரும்பாலும் மெல்லியதாகவே வரும்.