அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதா?

எங்க அத்தை சீரியல் பார்க்கும்போது பக்கத்துல உட்கார்ந்திருந்தா ரெண்டு நிகழ்ச்சி பார்க்கலாம். ஒண்ணு டிவியில, இன்னொண்ணு சோபாவுல. வில்லி உள்ளே நுழைந்ததும் "வந்துட்டா குடிகெடுக்க" என்பார். நல்ல மருமகள் அழுதால் இவருக்கும் கண் கலங்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அத்தை, அது நடிப்பு. அந்தம்மா ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது: "நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு இப்பதான் தெரிஞ்சுதா?"

அந்தப் பதில் என்னைக் கொஞ்ச நாள் குடைந்துகொண்டே இருந்தது. சீரியல் ரசிகர்களைப் பற்றி, அதுவும் பெண்களைப் பற்றி, நாம் சுலபமாகச் சொல்லிவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: "பாவம், எது கதை எது நிஜம்னே தெரியாம பார்க்குறாங்க." அது உண்மைதானா என்று தேடிப் படித்தபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை.

சிறைக்குப் போன டீர்ட்ரி

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனிலிருந்து வருகிறது. அங்கே ஐடிவியில் வரும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடர் 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கியது. வடக்கு இங்கிலாந்தில் வெதர்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர், அதில் ஒரு தெரு, அந்தத் தெருவாசிகள். இவ்வளவுதான் கதை. 1998-ல் அதில் டீர்ட்ரி என்ற பாத்திரம் ஒரு காதலனிடம் ஏமாறுகிறாள். தன்னை விமானி என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள் செய்த மோசடியில் மாட்டி, செய்யாத குற்றத்துக்கு 18 மாதத் தண்டனை பெற்று உள்ளே போகிறாள்.

நாடே கொதித்தது. அவளை விடுதலை செய்யச் சொல்லிப் பத்திரிகைகள் இயக்கம் நடத்தின. ஸ்டிக்கர், டி-ஷர்ட் எல்லாம் வந்தன. பிரதமர் டோனி பிளேயரே கருத்துச் சொன்னார். சில வாரங்களில் கதைப்படியே டீர்ட்ரி வெளியே வந்தாள்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. டீர்ட்ரி ஒரு கற்பனைப் பாத்திரம் என்று பிளேயருக்குத் தெரியாதா? பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒரு தேசம் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டது. ஆனால் அதற்குள் இருந்த கோபம் முழுக்க விளையாட்டு என்றும் சொல்ல முடியாது. நிரபராதிக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்தால் வரும் கோபம் அது. கோபம் நிஜம், அதைக் கிளப்பிய ஆள்தான் கற்பனை.

42 கடிதங்கள்

இதைக் கொஞ்சம் முறையாக ஆராய்ந்தவர் இயன் ஆங். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொடரான 'டாலஸ்' நெதர்லாந்தில் பெரிய வெற்றி. டெக்சஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் கதை. "உங்களுக்கு இந்தத் தொடர் பிடிக்குமா, பிடிக்காதா, ஏன் என்று எழுதுங்கள்" என்கிற மாதிரி ஆங் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். 42 கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்து ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த எண்ணெய் வியாபாரம், பங்களா, அடுக்கடுக்கான விபத்துகள் எல்லாம் நம்ப முடியாதவை என்று ரசிகர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் அண்ணன் தம்பி பொறாமை, குடிக்குள் ஒளிந்துகொள்ளும் மனைவி, ஒரே வீட்டுக்குள் முகம் கொடுத்துப் பேசாமல் வாழ்வது, இவையெல்லாம் அவர்களுக்கு உண்மையாகப் பட்டன. ஆங் இதை உணர்வு சார்ந்த யதார்த்தம் என்றார். சம்பவம் பொய்யாக இருக்கலாம், அதில் வரும் வலி தெரிஞ்ச வலிதான். அத்தை அழுவது அந்த மருமகளுக்காக மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது இதைப் படித்த பிறகுதான்.

தினமும் வீட்டுக்கு வருகிறவர்கள்

சரி, வலி தெரிஞ்சதா இருக்கலாம். நல்ல சினிமாவிலும் அது உண்டே. பிறகு ஏன் சீரியலில் மட்டும் இந்தக் கோடு இவ்வளவு அழிகிறது?

ஒரு காரணம் காலம். சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சீரியல் முடியாது, முடியக் கூடாது என்றே வடிவமைக்கப்பட்டது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவை ப்ராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்பு கம்பெனிகள். 'சோப் ஓபரா' என்ற பெயரே அப்படி வந்ததுதான். வீட்டில் இருக்கும் பெண்கள் நாளைக்கும் கேட்க வேண்டும், நாளை மறுநாளும் கேட்க வேண்டும். அப்பதானே சோப்பு விற்கும்?

தினமும் அதே நேரத்துக்கு, வருஷக்கணக்கில், நம்ம வீட்டு ஹாலுக்கு வருகிறவர்கள் யார்? சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு வருவதில்லை. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' முதல் எபிசோடில் கென் பார்லோவாக வந்த வில்லியம் ரோச், அறுபது வருஷம் தாண்டியும் அதே பாத்திரத்தில் நடித்தார். அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் வருபவரோடு பார்வையாளருக்கு நாளடைவில் ஒரு நெருக்கம் உண்டாகிறது. ஆனால் அது ஒருபக்க நெருக்கம். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. அவர்கள் முதலில் மனதில் வைத்தது பெரும்பாலும் கேமராவைப் பார்த்து நேராகப் பேசும் தொகுப்பாளர்களை. பின்னால் வந்தவர்கள் அதைத் தொடர்களின் பாத்திரங்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஒருவரைப் பழக்கமானவர் என்று முடிவு செய்ய நம் மனம் கேட்பது சில அடையாளங்களைத்தான்: அடிக்கடி பார்த்த முகம், கேட்ட குரல், தெரிந்த ரகசியங்கள். அந்த முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறதா என்பதை அது ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதில்லை.

முகத்தில் ஒட்டிக்கொள்ளும் பாத்திரம்

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய கெடுதல் இல்லாத விஷயம். சிக்கல் வருவது அடுத்த படியில்தான்: பாத்திரத்தின் மேல் வந்த கோபம் நடிகர் மேல் பாயும்போது.

அமெரிக்காவில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் 1960 முதல் லிசா என்ற சூழ்ச்சிக்காரியாக நடித்தவர் ஐலீன் ஃபுல்ட்டன். கடைவீதியில் ஒரு பெண் அவரிடம் வந்து, லிசாதானே என்று கேட்டு, ஓங்கி அறைந்துவிட்டார். இதை ஃபுல்ட்டனே சொல்லியிருக்கிறார். பாதுகாப்புக்கு ஆள் வைக்கிற அளவுக்கு அவர் நிலைமை போனது.

இது சீரியல் ரசிகர்களுக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைத்தால், 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் செய்த பரிசோதனையைப் பாருங்கள். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது" என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவருக்கு உள்ளூரக் காஸ்ட்ரோவைப் பிடிக்கும் என்றே மாணவர்கள் கணித்தார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்ததும் 'ஆள் அப்படித்தான்' என்று முடிவு கட்டுவது மனித மனதின் பழக்கம். சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார் என்ற தகவல் தெரிந்திருந்தாலும் அது முழுசாக வேலை செய்வதில்லை. நடிகரும் அதே நிலையில்தான் இருக்கிறார். வசனம் அவர் எழுதியதில்லை, சூழ்ச்சி அவர் போட்டதில்லை. ஆனால் முகம் அவருடையது.

அன்று கடைவீதியில் நேரில் வந்து அறைய வேண்டியிருந்தது. இன்று நடிகையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய்த் திட்ட அரை நிமிடம் போதும். திட்டுகிறவருக்கு அது நடிப்பு என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததை அந்த நேரத்தில் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அதே உணர்வு, வேறு திசை

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. பிபிசி வானொலியில் 1951 முதல் ஓடும் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரில் ஹெலன் என்ற பெண்ணைக் கணவன் ராப் மெல்ல மெல்ல மனரீதியாகச் சிறைப்படுத்துகிறான். 2016 ஏப்ரலில் அவள் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறாள். உறவுக்குள் இப்படிக் கட்டுப்படுத்தி வதைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிக் குற்றமாக நடைமுறைக்கு வந்தது 2015 டிசம்பரில்தான்.

ஒரு நேயர் ஹெலனின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு உதவும் 'ரெஃப்யூஜ்' அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஹெலன் இல்லை என்று பணம் போட்ட அத்தனை பேருக்கும் தெரியும். ஹெலன் மாதிரி இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அதனால் "நிஜம் எது கதை எதுன்னு தெரியல" என்ற கேலி எனக்கு இப்போது ஒப்பவில்லை. உணர்வு எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டிவியைப் பார்த்துத் திட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. நடிகையைத் திட்டினால் ஒரு நிஜ மனுஷிக்கு வலிக்கும்.

போன மாசம் அத்தையின் சீரியல் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த நேரத்துக்கு போன் வந்தது. "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். நானும் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.