குதிரைக்கு ஏற்ற வழி எது?



குதிரைக்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். நம் தாத்தா பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் துரை குதிரைமேல் ஏறி மலைக்காட்டைச் சுற்றி வந்த கதையைச் சொல்வார்கள். குதிரையைக் கவனித்துக்கொண்டவரைச் 'சைஸ்' என்று அழைத்தார்கள். மோட்டார் வண்டி வந்த பிறகும் அந்தச் சொல் மறையவில்லை. காரோட்டிக்கும் அதுவே பெயராயிற்று. இன்று குதிரைச் சவாரி பொழுதுபோக்காகவும், சில இளைஞர்களுக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. ஆகவே, சவாரிக்கு ஏற்ற பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மட்டக்குதிரையை வரவழைத்தோம். பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று வரலாம் என்று ஆசை. "பெரிய சாலை சுற்று வழி, பால்மரக் காட்டுக் குறுக்குப் பாதையில் வாருங்கள்" என்று குதிரைக்காரரிடம் நாம்தாம் சொன்னோம். நாள்தோறும் நாம் நடந்து போகும் பாதைதான் அது. கால்வாயின் மேலிருந்த பலகைப் பாலத்தில் குதிரை கால் வைத்தது. உளுத்த பலகை முறிந்தது. முன்னங்கால் உள்ளே சிக்கித் தோல் கிழிந்தது. நல்லவேளை, மேலே எந்தப் பிள்ளையும் இல்லை. அந்த வாயில்லாச் சீவன் ஒரு மாதம் நொண்டியது. மனிதன் நடக்கும் பாதையெல்லாம் குதிரைக்கு ஏற்ற பாதையாகிவிடாது என்பதை அன்று கற்றோம். நன்கு வளர்ந்த குதிரை 400 முதல் 500 கிலோ எடை இருக்கும். அதன்மேல் ஆளும் சேணமும் சேர்ந்தால், அந்தப் பாரம் முழுவதையும் நான்கு சிறிய குளம்புகளே தாங்க வேண்டும்.

நம் பேராக் மாநிலத்திற்கு இது புதிய பாடமன்று. சாலைகள் வருவதற்கு முன்னே இங்கு யானைத் தடங்களே வழியாக இருந்தன. 1879-ஆம் ஆண்டில் இசபெல்லா பர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி லாரூட் பகுதியிலிருந்து கோலகங்சாருக்கு யானைமேல் சென்றார். திரும்பும்போது புக்கிட் பெராப்பிட் கணவாய் வழியே குதிரையில் வந்தார். இந்தப் பயணத்தைத் தம் நூலில் விரிவாக எழுதியும் வைத்தார். அப்போது கோலகங்சாரில் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. 1877-இல் அங்கே நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளை வளர்த்தவரும் அவரே.

தைப்பிங்கிற்கு மேலே உள்ள மேக்ஸ்வெல் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதன் பெயர் புக்கிட் லாரூட். 1948-இல் ஜீப் சாலை திறக்கப்படும்வரை, மேலே போக விரும்பியவர்கள் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோதான் போனார்கள். பின்னர் போட்ட ஜீப் சாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. ஏன் அத்தனை வளைவுகள்? நேராக ஏறினால் மூச்சு முட்டும்; வளைந்து வளைந்து ஏறினால் மலை பணிந்து கொடுக்கும். குதிரைப் பாதைக்கும் இதுவே விதி. 100 அடி தூரத்திற்கு 10 அடிக்கு மேல் ஏறாத பாதையே நெடுந்தூரச் சவாரிக்கு நல்லது. இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். குதிரையின் எடையில் பாதிக்கும் மேல் எப்போதும் முன்னங்கால்களிலேயே இருக்கிறது. இறங்கும்போது அந்தச் சுமை மேலும் கூடும்.

சரி, பாதையை எங்கே தேடுவது? நில அளவைத் துறையின் வரைபடமும், கைப்பேசியில் தெரியும் துணைக்கோள் படமும் உதவும். ஆனால் அவற்றைவிட நல்ல வரைபடம் நம்மிடமே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய அம்மாவுக்கும், இரவுக் காவல் பார்த்த பெரியவருக்கும் எந்த நிரைக்குப் பின்னால் எந்தக் குழி இருக்கிறது என்று தெரியும். அவர்களைக் கேளுங்கள். பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன, நிலமும் கைமாறியிருக்கும். நேற்று நாம் நடந்த பாதை இன்று வேறொருவர் வேலிக்குள் இருக்கலாம். ஆகவே தோட்டத்துக் காரியாலயத்தில் அனுமதி கேட்பது முதல் கடமை. வனக்காப்பகத்தின் வழியே பாதை சென்றால் வன இலாகாவிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

அதன்பின், குதிரை இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். நடக்கும்போது சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தரை. இறுகிய செம்மண் பாதை நல்லது. மழையில் நனைந்த களிமண் வழுக்கும். கூரிய கல் குளம்பின் அடிப்பாகத்தைக் காயப்படுத்தும். மழைநீரும் மண்ணும் ஓடிவிடாதிருக்க ரப்பர்க் காட்டில் வெட்டிய குழிகள் புல் மூடிக் கிடக்கும். செம்பனைக் காட்டில் வெட்டிய மட்டைகளை ஒரு நிரைவிட்டு ஒரு நிரையில் அடுக்கியிருப்பார்கள். அதில் முள் உண்டு. குலை வெட்டுவோர் நடக்கும் திறந்த நிரையிலேயே போகவேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளை நெருங்கவே வேண்டா. மேலே காய்ந்து கெட்டியாகத் தோன்றும் சேறு உள்ளே கூழாக இருக்கும்.

இரண்டாவது, தலைக்கு மேலே. குதிரைமேல் உட்கார்ந்தால் நம் தலை எட்டடி உயரத்திற்கும் மேலே போய்விடும். எனவே பத்தடி உயரம்வரை கிளையோ கம்பியோ இருக்கலாகாது. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகள் பார்க்க அழகானவை. ஆனால் அவற்றின் அடிவாரத்தில் நின்று இளைப்பாறுவது தகாது. 1973-ஆம் ஆண்டில் குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டதை ஈப்போ மக்கள் மறக்கவில்லை.

மூன்றாவது, குதிரையின் கண். அதன் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. திடீரென்று மோட்டார் சைக்கிள் சீறினாலோ, காட்டுப்பன்றி பாய்ந்தாலோ அது மிரண்டு ஓடும். அது அதன் குற்றமன்று. ஓடித் தப்பிப் பிழைத்த இனம் அது. ஆகவே வளைவுக்கு அப்பால் வருவது தெரியும்படியான பாதையும், எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட இடமும் வேண்டும்.

நான்காவது, தண்ணீரும் நேரமும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். வழியில் நல்ல நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பிற்பகலில் இடியும் மழையும் வருவது வழக்கம். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மலையில் பெய்தால் ஆறு பெருகும். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவதே நல்லது.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? குதிரை சாதாரண நடையில் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் போகும். இரண்டு மணி நேரச் சவாரி என்றால் மொத்தம் 12 கிலோமீட்டர். ஆகவே ஆறாவது கிலோமீட்டரிலேயே திரும்பிவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் போகலாம்' என்பவர் திரும்பி வரும் தூரத்தை மறந்துவிடுகிறார். புறப்படும்போதே, எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். சுமையேற்றும் வண்டி வந்து சேரக்கூடிய இடம் வழியில் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, குதிரை இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தைப்பூசத்திற்குப் பாட்டியை அழைத்துப் போகும்போதும், பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும்போதும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் நாமே. நம் கால் வலுவானது என்று பார்த்து வழியைத் தேர்ந்தால், நம்மை நம்பி வருகிறவரின் கால் சிக்கிக்கொள்ளும். அந்த மட்டக்குதிரையின் முன்னங்கால் தழும்பைக் கண்ட நாளிலிருந்து, எந்த வழியில் போவதானாலும் பாலத்துப் பலகையை முதலில் நாம் மிதித்துப் பார்க்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.