நோக்க நோக்க நின்றுபோகும் மாற்றம்

2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தின் காலக்கெடு 2031-இல் முடிகிறது. ஒட்டுக்கேட்கவே முடியாத தகவல்தொடர்பு இதனால் கிட்டும் என்ற உறுதிமொழியோடு, நோக்குபவர் பார்த்ததும் துகள் மாறிவிடும் என்ற விளக்கமும் பரவுவதால், மனித மனம்தான் இயற்கையை மாற்றுகிறதா என்று வாசகர் கடிதங்கள் கேட்கின்றன. இக்குழப்பத்தைத் தெளிவிக்கும் விளைவைக் கண்டவர்களுள் ஒருவர், தாம்பரத்திலுள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியில் 1951-இல் பட்டம் பெற்ற இ.சி.ஜி. சுதர்சன்.

சுதர்சனும் வைத்தியநாத் மிஸ்ராவும் 1977-இல் வெளியிட்ட கட்டுரை, இடைவிடாது அளக்கப்படும் குவாண்டம் அமைப்பு தன் தொடக்க நிலையை விட்டு நகர முடியாது என்று காட்டியது. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் அசைவற்றே இருக்கிறது என்று வாதிட்ட கிரேக்க மெய்யியலாளர் சீனோவின் பெயரை அவர்கள் அதற்கு இட்டனர். இதன் நுட்பம் வியக்கத்தக்கது. அமைப்பு வேறொரு நிலைக்குத் தாவும் நிகழ்தகவு, தொடக்கத்தில், கழிந்த நேரத்தின் இருபடியாக வளர்கிறது என்பதால், நேரத்தைப் பத்துக் கூறாக்கினால் ஒரு கூறுக்குரிய வாய்ப்பு நூறில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு கூறின் முடிவிலும் அளந்தால், தாவாத அமைப்பு மீண்டும் முதலிலிருந்தே புறப்பட வேண்டியிருப்பதால், பத்துக் கூறுகளும் சேர்ந்தும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றே ஆகிறது.

1990-இல் வெய்ன் இட்டானோ, டேவிட் வைன்லேண்ட் உள்ளிட்ட அமெரிக்கக் குழுவினர் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளை மின்காந்தப் பொறியில் அடைத்து, குறுக்கீடு இல்லாவிட்டால் 256 மில்லிநொடியில் அனைத்தையும் மேல்நிலைக்கு ஏற்றிவிடும் ரேடியோ அலையைச் செலுத்தினர். அதே நேரத்துக்குள் 64 முறை லேசர் துடிப்பால் அளந்தால், கோட்பாட்டின்படி நூற்றுக்கு நான்குகூட ஏற இயலாது. துடிப்புகள் கூடக் கூட ஏற்றம் குறைந்ததைச் சோதனை உறுதிசெய்தது. இடைப்பட்ட துடிப்புகளில் சிதறிய ஒளியை எவரும் பதிவுசெய்யவில்லை என்பதே இங்கு முதன்மையானது: நோக்குபவர் எனப்படுவது மனமன்று, கண்ணுமன்று, அமைப்பின் நிலையைப் பற்றிய தடத்தைச் சூழலில் விட்டுச்செல்லும் இடைவினை மட்டுமே. ஆயினும், பல வாய்ப்புகளுள் ஒன்று மட்டும் ஏன் நிகழ்வாகிறது என்ற வினாவுக்கு அனைவரும் ஏற்கும் விடை இன்னும் இல்லை.

உற்றுநோக்கிக் கதிரியக்கத்தை நிறுத்தலாமா? இருபடி வளர்ச்சி நீடிக்கும் நேரம் அங்கு மிகமிகக் குறுகியது என்பதால் நடைமுறையில் இயலாது.

அளவீடு மாற்றத்தை விரைவுபடுத்துமா? சில சூழல்களில் விரைவுபடுத்தும்.

ஒட்டுக்கேட்பவர் எப்போதும் பிடிபடுவாரா? கோட்பாட்டில் தடம் விழும் என்றாலும், வணிகக் கருவிகளின் ஒளியுணரிகளை வலிய ஒளியால் ஏமாற்றித் தடமின்றியே, செய்தியை மறையாக்கும் சாவியைக் கவரலாம் என்பது 2010-இல் நிறுவப்பட்டது.

எனவே, குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைத்துள்ள அரசு, அங்கு உருவாகும் கருவிகளைச் சுதந்திரமான வல்லுநர்களின் சோதனைக்கு உட்படுத்தி, முடிவுகளை 2031-க்கு முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும்.