கத்தரிக்கோலில் பிறந்த திரைப்படம்

முழுநீள அனிமேஷன் படம் என்றதும் பலருக்கும் 1937இல் வந்த வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1926இல், ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அனிமேஷன் படத்தை பெர்லினில் திரையிட்டவர் லோட்டே ரைனிகர். படத்தின் பெயர் ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’. அதற்கும் முன்னால் அர்ஜென்டினாவில் எடுக்கப்பட்டவை அழிந்துபோயின. ஆகவே, இன்று நாம் பார்க்கக் கிடைப்பவற்றில் மூத்தது இதுதான்.

கறுப்புத் தாளில் உருவங்களை வெட்டியெடுக்கும் திறமை ரைனிகருக்குச் சிறுவயதிலேயே கைவந்திருந்தது. 1918இல் இயக்குநர் பவுல் வேகனர், எலிகளைக் குழலோசையால் இழுத்துச் சென்ற ஹாமலின் குழலூதியின் கதையைப் படமாக்கினார். உயிருள்ள எலிகள் சொன்னபடி நடக்க மறுத்தன. மரத்தில் எலிகள் செய்து, ஒவ்வொரு பிரேமுக்கும் சற்றே நகர்த்திப் படம்பிடித்தார்கள். அந்தக் குழுவில் ரைனிகரும் இருந்தார்.

1923இல் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. லூயி ஹாகன் என்ற வங்கியாளர் கையிருப்பை கச்சா பிலிமாக மாற்றி வைத்திருந்தார். அதைக் கொண்டு முழுநீளப் படமே எடுக்கலாமே என்று ரைனிகரிடம் கேட்டார். போட்ஸ்டாமில் ஹாகன் வீட்டுக் கார் கொட்டகையின் மாடிதான் ஸ்டுடியோ. ரைனிகருக்கு அப்போது 24 வயது. கணவர் கார்ல் கோஹ் கேமராவைப் பார்த்துக்கொண்டார்.

ரைனிகர் வேலை செய்த முறை இதுதான். நடுவே கண்ணாடி பதித்த மேசை. கண்ணாடிக்குக் கீழே விளக்கு, நேர் மேலே கீழ்நோக்கிய கேமரா. கண்ணாடியின்மீது கறுப்பு அட்டை உருவம் படுத்திருக்கும். கீழிருந்து வரும் ஒளியை அது மறைப்பதால் பிலிமில் நிழலுருவாகப் பதியும். நம்மூர் தோல்பாவைக் கூத்தில் பாவை திரைக்குப் பின்னால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். இங்கே உருவம் அசைவதே இல்லை. ஒரு பிரேம் எடுத்ததும் கையால் இம்மி நகர்த்தி, அடுத்த பிரேம் எடுக்க வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம் என்றால், 65 நிமிடப் படத்துக்கு 90,000 பிரேம்களுக்கு மேல் தேவை. மூன்றாண்டு உழைப்பு அப்படித்தான் கரைந்தது.

உருவத்தைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். தலை, கழுத்து, மேற்கை, முன்கை, விரல்கள், இடுப்பு, தொடை என்று ஒவ்வொன்றும் தனித்துண்டு. மூட்டுகளில் மெல்லிய கம்பி கோத்திருக்கும். அட்டை மட்டும் இருந்தால் சுருண்டு எழும்பும் என்பதால் மெல்லிய காரீயத் தகட்டையும் சேர்த்துக்கொண்டார். அதன் கனத்தில் உருவம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். குளோசப் வேண்டுமென்றால் அதே பாத்திரத்தைப் பெரிதாக இன்னொரு முறை வெட்ட வேண்டும். வெட்டும்போது கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத்தான் திருப்புவார். அதனால்தான் கண்ணிமை, இறகு, ஆடையின் சரிகை வேலை எல்லாம் பிசிறில்லாமல் விழுந்தன.

நிழலுருவுக்கு முகபாவம் இல்லை. வெட்கத்தையும் பயத்தையும் தோள் சரிவும் கழுத்து வளைவுமே சொல்லியாக வேண்டும். பறக்கும் குதிரையில் ஏறிய அக்மத், இறங்கும் வழி தெரியாமல் தவிக்கும் காட்சியைப் பாருங்கள். ஒரு சொல் இல்லை. ஆனாலும் அந்தத் திகில் நம் வயிற்றைக் கவ்வும்.

பின்னணிக்கு, மெல்லிய தாள்களை அடுக்கினார். ஓரடுக்கு என்றால் வெளிர்நிறம், பல அடுக்கு என்றால் அடர்நிறம். சில காட்சிகளில் கண்ணாடித் தகடுகளையே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆழம் காட்டினார்கள். 1937இல் டிஸ்னி நிறுவனம் பெரிய இயந்திரமாகக் கட்டிய பல்தள கேமராவின் அடிப்படை இங்கேயே இருக்கிறது. மாயாஜாலக் காட்சிகள் வால்டர் ருட்மன் கைவண்ணம். கடல் கொந்தளிப்பு பெர்த்தோல்ட் பார்ட்டோஷ் உருவாக்கியது. இசை வோல்ஃப்காங் ட்ஸெல்லர்.

படம் முடிந்தும் வாங்க ஆளில்லை. அனிமேஷன் என்றால் சில நிமிடச் சிரிப்புப் படம் என்றே விநியோகஸ்தர்கள் பழகியிருந்தார்கள். 1926 மே 2, ஞாயிற்றுக்கிழமை, பெர்லினின் ஃபோக்ஸ்புயூனே நாடக அரங்கில் குழுவினரே திரையிட்டார்கள். கூட்டம் திரண்டது, கைதட்டலும் கிடைத்தது. பாரிஸில் இயக்குநர் ழான் ரெனுவார் படத்தைக் கொண்டாடினார்.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. ஆப்பிரிக்க மந்திரவாதியையும் சீனப் பாத்திரங்களையும் கேலிச்சித்திரமாகக் காட்டிய விதம் இன்று உறுத்துகிறது. அது அக்கால ஐரோப்பாவின் பார்வை. கலையின் அழகுக்காக அதைப் பூசிமெழுக வேண்டியதில்லை.

1945இல் பெர்லின் போரில் மூல நெகட்டிவ் அழிந்தது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் வண்ணமேற்றிய நைட்ரேட் பிரதி ஒன்று தப்பியிருந்தது. அதிலிருந்து பிராங்க்பர்ட்டின் ஜெர்மன் திரைப்பட அருங்காட்சியகம் 1999இல் படத்தை நிறங்களோடு மீட்டெடுத்தது. நாம் பார்ப்பது அந்தப் பதிப்பைத்தான்.

வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பார்த்து முடித்ததும் ஒரு கறுப்பு அட்டையையும் கத்தரிக்கோலையும் அவர்கள் கையில் கொடுங்கள். கைபேசி கேமராவும் மேசை விளக்கும் வீட்டிலேயே இருக்கின்றன. இந்தக் கலைக்கு வேறு முதலீடு தேவையில்லை.