போக்கிமான் கோ: 1,500 புள்ளிக்குள் ஜெயிக்கும் டீம்... காசு செலவில்லாமல் காஞ்சிபுரத்திலிருந்தே கட்டுவது எப்படி?

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் போக்கிமான் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் போக்கிமான் கோ பிரிவின் பட்டத்தை வென்றவர் ஓர் இந்தியர். 'பீல்செபாய்' என்ற பெயரில் ஆடும் வேத் பம்ப்.

இந்தப் பிரிவுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் மாதிரி தனிக் கருவி எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் மொபைல் போதும். 2016 டிசம்பரில் ஜியோவுடன் சேர்ந்து இந்தியாவுக்கு வந்த அதே கேம்தான். அப்போ பிள்ளைகள் ரோட்டில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பிடிப்பதோடு முடிகிற விளையாட்டு இல்லை இது. ஆளுக்கு ஆள் மோதும் போட்டி 2018 டிசம்பர் முதலே இதில் இருக்கிறது.

அப்படியானால் காஞ்சிபுரம் மாதிரி ஒரு ஊரில், சாதாரண போனும் டேட்டாவும் மட்டும் வைத்திருப்பவர் போட்டிக்குத் தகுந்த டீமைக் கட்ட முடியுமா? முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடக்கத்திலேயே தப்பான இடத்தில் ஸ்டார்டஸ்ட்டைக் கொட்டிவிடுகிறார்கள். எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

போட்டி எப்படி நடக்கும்?

ஒவ்வொரு போக்கிமானுக்கும் 'சிபி' என்று ஒரு எண் இருக்கும். அதன் மொத்தப் பலத்தைக் காட்டும் எண் அது. போட்டிகள் மூன்று லீக்குகளாக நடக்கின்றன.

• கிரேட் லீக்: 1,500 சிபி வரை
• அல்ட்ரா லீக்: 2,500 சிபி வரை
• மாஸ்டர் லீக்: வரம்பு இல்லை

உலக சாம்பியன்ஷிப் வரை போகும் அதிகாரப்பூர்வ போட்டிகள் கிரேட் லீக் விதியில்தான் நடக்கின்றன. புதிதாக வருபவருக்கு இதுதான் நல்ல செய்தி. வருஷக்கணக்கில் ஆடி 4,000 சிபி மிருகங்களை வளர்த்து வைத்திருப்பவர்கூட இங்கே 1,500-க்குள்தான் வந்தாக வேண்டும். பணக்காரர், ஏழை வித்தியாசம் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒரு ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று போக்கிமான், இரண்டு ஷீல்டு. சாதாரண அடி அடித்தால் எனர்ஜி சேரும். சேர்ந்த எனர்ஜியை வைத்துப் பெரிய அடி அடிக்கலாம். எதிராளியின் பெரிய அடியை ஷீல்டு போட்டுத் தடுக்கலாம். ஆனால் மொத்தம் இரண்டே தடவைதான்.

பலசாலி மூணு பேரை எடுத்தா போதாதா?

போதாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

இந்த விளையாட்டில் நெருப்பு, நீர், புல், மின்சாரம், இரும்பு என்று 18 வகைகள் இருக்கின்றன. நீருக்குப் புல் ஆகாது, புல்லுக்கு நெருப்பு ஆகாது. ஆகாத வகை அடித்தால் அடி 1.6 மடங்கு விழும். தாங்கும் வகையாக இருந்தால் 0.625 மடங்குதான் விழும். ஒரு போக்கிமானுக்கு இரண்டு வகை இருந்து, இரண்டுக்குமே அந்த அடி ஆகாது என்றால் 2.56 மடங்கு. இரண்டுமே தாங்கும் என்றால் 0.39 மடங்கு.

அதாவது எவ்வளவு வளர்த்தாலும் தப்பான ஆளுக்கு எதிரே நிறுத்தினால் சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். மூன்று பேருக்கும் ஒரே பலவீனம் இருந்தால் எதிராளியின் ஒரே போக்கிமான் மூன்றையும் சாய்த்துவிடும்.

காஞ்சிபுரத்தில் தறி தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாவில் ஓடும் இழைகள் சேரும் இடத்தில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அந்தச் சேர்மானம் சரியில்லை என்றால் உடல் எவ்வளவு நல்ல பட்டாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இங்கேயும் ஒருவரின் பலவீனம் எங்கே இருக்கிறதோ, அங்கே அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரண டீம்

ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும் மூன்று பேரை வைத்தே பார்க்கலாம்.

முதல் ஆள் குவாக்சயர்: வூப்பரை வளர்த்தால் கிடைக்கும். நீர், நிலம் என இரட்டை வகை. இதற்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான்: புல். ஆனால் அது 2.56 மடங்கு விழும்.

இரண்டாவது ஸ்கார்மரி: இரும்பு, பறவை வகை. புல் அடியை இது 0.39 மடங்காகக் குறைத்துவிடும். குவாக்சயரின் ஓட்டை அடைபட்டது. ஸ்கார்மரிக்கு ஆகாதவை நெருப்பும் மின்சாரமும். இந்த இரண்டையும் குவாக்சயர் தாங்கிக்கொள்ளும்.

இந்த இரண்டு பேருக்கும் எதிரே நல்ல நீர் வகை ஒன்று வந்தால்? அடி இருவர் மேலும் முழுதாக விழும், தாங்க ஆள் இல்லை. அதற்குத்தான் மூன்றாவது ஆள் வீனசோர். புல்பசோரை வளர்த்தால் கிடைக்கும் புல், விஷ வகை. நீர் அடியைத் தாங்கும், புல்லால் திருப்பி அடிக்கும். வீனசோருக்கு ஆகாத பறவை அடியையும் மனோசக்தி அடியையும் ஸ்கார்மரி தாங்கும். நெருப்பை குவாக்சயர் பார்த்துக்கொள்ளும்.

சரி, இந்த டீமில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. சாரிசார்ட் வந்தால் சிக்கல். அதன் நெருப்பு ஸ்கார்மரி, வீனசோர் இருவருக்கும் ஆகாது. குவாக்சயரை இறக்கினாலும் அதன் நில வகை அடி பறக்கும் சாரிசார்ட் மேல் சரியாக விழாது. இங்கே குவாக்சயருக்கு இரண்டாவது பெரிய அடியாக 'ஸ்டோன் எட்ஜ்' வைத்திருந்தால் கதையே மாறும். அது பாறை வகை. சாரிசார்ட் மேல் 2.56 மடங்கு விழும்.

ஓட்டையை அடைக்க எப்போதும் புது ஆள் தேடவேண்டியதில்லை. இருக்கும் ஆளுக்கு ஒரு அடியை மாற்றினாலே போதும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

யாரை முதலில் இறக்கணும்?

மூன்று பேருக்கும் மூன்று வேலை உண்டு.

• லீட்: முதலில் இறங்குபவர். எதிராளியின் பலவகை ஆட்களை ஓரளவு சமாளிப்பவர்.
• ஸ்விட்ச்: லீட் மாட்டிக்கொண்டால் உள்ளே வருபவர். யார் வந்தாலும் உடனே சாயாதவராக இருக்க வேண்டும். ஒருமுறை ஆளை மாற்றினால் மறுபடி மாற்றச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் இந்த ஆள் மிக முக்கியம்.
• க்ளோசர்: இரண்டு பக்கமும் ஷீல்டு தீர்ந்த பிறகு ஆட்டத்தை முடிப்பவர்.

அதிகாரப்பூர்வ போட்டியில் ஆறு போக்கிமானைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆறும் எதிராளிக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறிலிருந்து மூன்று என்றால் 20 விதமாக எடுக்கலாம். எதிராளி எந்த மூன்றோடு வருவார் என்று ஊகிப்பதுதான் அங்கே பாதி ஆட்டம். அதனால் ஆறு பேர் டீமில், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று கோர்வைகளாவது கிடைக்க வேண்டும்.

நூறு சதவீத போக்கிமான் தேவையா?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். கிரேட் லீக்கில் பெரும்பாலும் தேவையில்லை.

பிடிக்கும் ஒவ்வொரு போக்கிமானுக்கும் தாக்குதல், தற்காப்பு, உயிர் என்று மூன்று மறைமுக மதிப்பெண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. மூன்றும் 15 என்றால் அதுதான் 'நூறு சதவீதம்'. கேமிலேயே 'அப்ரெய்சல்' அழுத்தினால் மூன்று பட்டைகளாகக் காட்டும்.

சிபி கணக்கிடும்போது தாக்குதலுக்கு மற்ற இரண்டையும் விட எடை அதிகம். அதனால் தாக்குதல் குறைவாக இருக்கும் போக்கிமானின் சிபி மெதுவாக ஏறும். 1,500-ஐத் தொடுவதற்குள் அதை இன்னும் சில லெவல் கூடுதலாக வளர்த்துவிடலாம். முடிவில் அதிக அடி தாங்கும் ஆள் கிடைப்பார். 0, 15, 15 என்ற மதிப்பெண்ணைப் போட்டியாளர்கள் தேடுவது இதனால்தான்.

கண்டெய்னரில் 'ஒரு ஸ்டார்' என்று ஒதுக்கி வைத்தது, கிரேட் லீக்கில் மூன்று ஸ்டாரை விட நல்லதாக இருக்கலாம். எதையும் ப்ரொஃபசருக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். வகையும் அடியும் சரியாக இருந்தால் இந்த வித்தியாசம் சின்னதுதான்.

ஸ்டார்டஸ்ட் எங்கே வீணாகும்?

1. வரம்பைத் தாண்டுவது: 1,501 ஆகிவிட்டால் அந்தப் போக்கிமான் கிரேட் லீக்குக்கு ஆகாது. சிபி-யைக் குறைக்க வழியே இல்லை. எவால்வ் செய்யும்போது சிபி எகிறும் என்பதால், முதலில் எவால்வ், பிறகு பவர்-அப் என்பதே பாதுகாப்பான வரிசை.

2. அவசரப்பட்டு எவால்வ் செய்வது: சில நல்ல அடிகள் 'கம்யூனிட்டி டே' போன்ற குறிப்பிட்ட நாட்களில் எவால்வ் செய்தால்தான் கிடைக்கும். வீனசோரின் 'ஃப்ரென்சி பிளான்ட்' அப்படிப்பட்டது. நல்ல புல்பசோர் கிடைத்தால் பொறுத்திருப்பது லாபம்.

3. எல்லாருக்கும் இரண்டாவது அடி திறப்பது: இதற்கு வகையைப் பொறுத்து 10,000 முதல் 1,00,000 ஸ்டார்டஸ்ட் வரை ஆகும், கேண்டி தனி. முதலில் டீமை முடிவு செய்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

4. நேற்றைய டீமை அப்படியே பின்பற்றுவது: சீசனுக்கு சீசன் அடிகளின் பலத்தை நிறுவனம் மாற்றும். போன சீசன் ராஜா இந்த சீசனில் சாதாரண ஆளாகலாம். வகைக் கணக்கு மட்டும் மாறாது. அதைக் கற்றுக்கொண்டவருக்கு டீமை மாற்றுவது சுலபம்.

காசு போட்டா சீக்கிரம் ஜெயிக்கலாமா?

காசு போட்டால் பாஸ், இன்குபேட்டர் வாங்கலாம், சேகரிப்பு வேகமாகும். ஆனால் 1,500 வரம்புக்குள் காசால் கூடுதல் பலம் வாங்க முடியாது. கேண்டி வேண்டும் என்றால் ஒரு போக்கிமானை 'படி'யாக வைத்து நடந்தாலே போதும். வகையைப் பொறுத்து 1, 3, 5 அல்லது 20 கிலோமீட்டருக்கு ஒரு கேண்டி கிடைக்கும். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரை நடந்து திரும்பினாலே கணிசமாகத் தேறும்.

பிள்ளைகள் போனில் ஆடுகிறார்கள் என்றால் பெற்றோர் ப்ளே ஸ்டோரில் வாங்குவதற்கு பாஸ்வேர்டு போட்டு வைப்பது நல்லது.

இன்னொரு சந்தேகமும் வீடுகளில் வரும்: இது தடை செய்த ஆன்லைன் கேமா? இல்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது. போக்கிமான் கோவில் பந்தயம் எதுவும் இல்லை.

கோயில் ஊரில் கவனிக்க வேண்டியது

இந்த கேமில் பந்தும் பொருளும் தரும் 'போக்கிஸ்டாப்'கள் கோயில், சிலை, பூங்கா மாதிரியான பொது அடையாளங்களில்தான் அதிகம் அமையும். கோயில் நகரத்துக்கு இது வசதி. அதே நேரம் சிக்கலும் இதில்தான்.

2016-ல், வழிபாட்டுத் தலங்களில் கேமின் முட்டைகள் கிடைப்பது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போடப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில், கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது.

அதனால் கோயிலுக்குள் போனை எடுத்து விளையாடும் எண்ணமே வேண்டாம். தேவையும் இல்லை. ஒரு ஸ்டாப்பை 80 மீட்டர் தூரத்திலிருந்தே சுற்றலாம். மாட வீதியில் ஓரமாக நின்றாலே பலவும் எட்டிவிடும். எட்டாததை விட்டுவிடலாம். வண்டி ஓட்டிக்கொண்டே ஆடுவது கூடவே கூடாது.

நடக்காமலே நடந்ததாகக் காட்டும் போலி ஜிபிஎஸ் ஆப்களும் சுற்றுகின்றன. மாட்டினால் முதலில் எச்சரிக்கை, அடுத்து தற்காலிக முடக்கம், கடைசியில் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். பல வருஷ உழைப்பு ஒரே நாளில் காலி.

எங்கிருந்து தொடங்குவது?

ஆளுக்கு ஆள் மோதும் 'கோ பேட்டில் லீக்'கை வீட்டில் உட்கார்ந்தபடியே இலவசமாக ஆடலாம். கிரேட் லீக் திறந்திருக்கும் வாரத்தில் ஒரே டீமோடு ஐம்பது ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு தோல்வியிலும் எந்தப் போக்கிமானிடம் தோற்றோம் என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், டீமில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஸ்டார்டஸ்ட்டை அங்கே செலவழித்தால் போதும்.