நிறுத்தினால் நிற்க வேண்டும்
பட்டறையும் மின்சாரமும் – 9

மும்பை தாராவியின் 13ஆம் காம்பவுண்டுப் பகுதியில், நகரம் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் தரம் பிரிக்கப்பட்டு, கிரைண்டரில் துகளாக அரைக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்பட்டு மீண்டும் மூலப்பொருளாகிறது. கழுவும் நீரோடு மழைக்கால ஈரமும் சேரும் அத்தகைய பட்டறையில், கத்திகளிடையே கை சிக்கும் கணத்தில் தொழிலாளியைக் காக்க வேண்டியது ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தியும் மோட்டார் நிற்காமல் போகும் நிலை உண்டு என்பதையும், கட்டுப்பாட்டு மின்மாற்றி என்னும் சிறு கருவி அந்நிலையைத் தவிர்க்கும் விதத்தையும் இப்பகுதி விளக்குகிறது.

மோட்டாரை மூன்று ஃபேஸ் மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில், கான்டாக்டர் என்னும் காந்த சுவிட்ச் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் அதன் காயில் காந்தமாகித் தொடர்புமுனைகளை இழுத்து மூடுகிறது. கையை எடுத்தபின், ஹோல்டிங் கான்டாக்ட் எனப்படும் துணைமுனை காயிலுக்கு மின்சாரம் தொடரச் செய்கிறது. மின்சாரம் நின்றதும் காயில் பிடியை விட்டுவிடுவதால், மின்சாரம் திரும்பினாலும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்காது. இதனால், வயர்மேன்கள் இக்காயிலை நோ வோல்ட் காயில் என்பர்.

பல ஸ்டார்ட்டர்களில் இக்காயில் 415 வோல்ட்டுக்கானது. அதன் ஒரு முனை ஒரு ஃபேஸுடன் நேராகவும், மறுமுனை பொத்தான்கள் வழியாக இன்னொரு ஃபேஸுடனும் இணைகிறது. பொத்தானிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரின் உறை கிழிந்து, ஈரமான இரும்புச் சட்டத்தின் வழியே எர்த்துக்குக் கசிவு ஏற்பட்டதாகக் கொள்வோம். சிவப்புப் பொத்தான் ஒரு ஃபேஸைத் துண்டித்துவிடும். ஆயினும் மற்ற ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள சுமார் 240 வோல்ட், காயிலின் குறுக்கே எஞ்சி நிற்கும். கான்டாக்டரை இழுத்து மூடக் குறித்த வோல்ட்டேஜில் 85 விழுக்காடாவது தேவை. மூடியதைப் பிடித்துவைக்கவோ அதைவிட மிகக் குறைவே போதும். 240 என்பது 415இல் ஏறத்தாழ 58 விழுக்காடு ஆதலால், கான்டாக்டர் விடாமல் பிடித்துக்கொள்ளக்கூடும். சிறிய காயிலைப் பிடித்துவைக்க 20 மில்லி ஆம்பியர் அளவே போதுமாதலால், பிரதான ஃப்யூஸும் உருகாது.

கட்டுப்பாட்டு மின்மாற்றி 415 வோல்ட்டை 110 ஆகவோ 24 ஆகவோ குறைப்பதோடு, தனிச் சுருளின் மூலம் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பிரதான மின்வழியிலிருந்து பிரித்தும் வைக்கிறது. இரண்டாம் சுருளின் ஒரு முனையை எர்த் செய்து, காயிலின் ஒரு முனையை அதனுடன் நேரே இணைத்து, பொத்தான்கள் அனைத்தையும் ஃப்யூஸுடன் மறுபக்கத்தில் வைத்தால், மேற்சொன்ன கசிவு நேர்ந்தாலும், சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் காயிலின் இருமுனைகளும் எர்த்தின் நிலைக்கு வந்துவிடும். அப்போது காயிலின் குறுக்கே வோல்ட்டேஜ் எஞ்சுவதில்லை, மோட்டார் நின்றுவிடும். கசிவு முற்றினால் அச்சிறு ஃப்யூஸே உருகி இயந்திரத்தை நிறுத்திவிடும். சிவப்புப் பொத்தானை எர்த் பக்கத்தில் மாற்றி இணைத்தால் இப்பயன் முழுதும் வீணாகும்.

லோஹார் சால் போன்ற மின்சாதனக் கடைவீதியில் மின்மாற்றி வாங்குவோர் அதன் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவில் கருத்தூன்ற வேண்டும். சிறிய கான்டாக்டர் மூடியிருக்கையில் 8 விஏ அளவே கொண்டாலும், மூடும் கணத்தில் 70 விஏ அளவுக்கு இழுக்கும். முதல் எண்ணை மட்டும் நம்பிச் சிறிய மின்மாற்றியைப் பொருத்தினால், வோல்ட்டேஜ் சரிந்து கான்டாக்டர் அதிரும், தீப்பொறியில் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய முனைகளை எந்தப் பொத்தானும் பிரிக்காது.

இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 என்னும் பன்னாட்டுத் தரநெறி, மாறுமின்சாரக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளுக்கு மின்மாற்றியை வலியுறுத்திவிட்டு, ஒரே மோட்டார் கொண்ட எளிய இயந்திரங்களுக்கு விலக்கு அளிக்கிறது. விலக்கு என்பது தடையன்று. உலர்ந்த கூடத்தில் ஓடும் சிறு இயந்திரத்துக்கு அது பொருந்தலாம். நீரும் இரும்பும் கத்தியும் ஒரே அறையில் கூடும் தாராவி கிரைண்டருக்கு அதைப் பயன்படுத்துவது தவறு. ஸ்டார்ட்டரின் விலையோடு மின்மாற்றியின் விலையையும் சேர்த்தே, பட்டறை உரிமையாளர் இயந்திரத்தின் விலையைக் கணக்கிட வேண்டும்.

ஒரு ஃபேஸ் போன நிலையில் மோட்டார் கருகாமல் காக்கும் ஓவர்லோடு ரிலேயைப் பற்றி அடுத்த இதழில் காணலாம்.