வெள்ளைக்காரன் விட்டுப் போன ரிவால்வர்!

வெளிநாட்டில் அது விலை மதிப்புள்ள பழம்பொருள். இங்கே அதே பொருள் சிறைவாசலையும் காட்டும்!

பழனி மலையின் கீழ்ச் சரிவில் இருக்கிறது பெரும்பாறை. திண்டுக்கல் மாவட்டத்து ஊர். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். நிழல் மரங்களில் மிளகுக் கொடி. ஊடே மலை வாழையும் ஆரஞ்சும். தோட்டத்தை ஒட்டியே காடு. யானை இறங்கும். காட்டு மாடு வரும். பன்றி வந்து கிழங்கைக் கிளறிவிட்டுப் போகும். எனவே இந்த மலையில் துப்பாக்கி என்ற சொல் யாருக்கும் புதிது அல்ல.

ஆனால் தோட்டக்காரரின் துப்பாக்கி வேறு, ரிவால்வர் வேறு. முன்னது நீண்ட குழல் உள்ளது. விலங்கை விரட்டவும் வேட்டைக்கும் உண்டானது. பின்னது இடுப்பில் தொங்குவது. மனிதனைச் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. வெள்ளைக்கார ஆட்சியில் பட்டாள அதிகாரி, போலீஸ் அதிகாரி, தோட்டத்துத் துரை ஆகியோரின் அதிகாரத்துக்கு அடையாளமாக விளங்கியது அதுதான்.

ஆட்சி போய்விட்டது. அந்த ரிவால்வர்களை இன்று பல நாடுகளில் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்டும் பார்க்கிறார்கள். அவற்றில் என்ன அப்படி ஒரு விசேஷம்?

பெயர் 'வெப்ளி'

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக் கம்பெனி வெப்ளி. அதன் ரிவால்வரை 1887-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளுக்கு ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆறு மாடல்கள் வந்தன. ஆறாவது மாடல் முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1915-இல் பிறந்தது. சேகரிப்பவர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். குழலின் நீளம் 6 அங்குலம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

இதன் குண்டு 'பாயிண்ட் 455'. அதாவது ஓர் அங்குலத்தில் பாதியை நெருங்கும் பருமன். எடை சுமார் 17 கிராம். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 600 அடிதான். அக்காலத்து 'பாயிண்ட் 303' ரைபிளின் குண்டு வினாடிக்கு 2,400 அடிக்கு மேல் பறந்தது. ஆகவே வெப்ளியின் பலம் வேகத்தில் இல்லை, கனத்தில் இருந்தது. கிட்டத்தில் ஓடி வரும் ஆளை நிறுத்த அது போதும். காட்டு மாட்டையோ யானையையோ நிறுத்த ஒரு நாளும் போதாது!

பிஸ்டலும் ரிவால்வரும் ஒன்றா?

இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பிரவுனிங் பிஸ்டல். அதில் குண்டுகள் கைப்பிடிக்குள் அடுக்கி இருக்கும். ஒன்றைச் சுட்டதும் அடுத்தது தானே மேலே ஏறும்.

ரிவால்வரில் அப்படி இல்லை. நடுவே ஓர் உருளை. அதில் ஆறு துளைகள். விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும்.

வெப்ளிக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. கட்டை விரலால் ஒரு கொக்கியை அழுத்தினால் போதும். துப்பாக்கி நடுவில் மடங்கிக் குழல் கீழே சாயும். அந்தச் சாய்விலேயே ஆறு காலித் தோட்டாக்களும் ஒரே சமயத்தில் வெளியே வந்து விழும். குதிரை மேல் இருப்பவனுக்கும், சேற்றுப் பதுங்குகுழியில் கிடப்பவனுக்கும் இது எவ்வளவு பெரிய வசதி!

எல்லைப்புற வீரரின் கற்பனை

இந்த ரிவால்வர் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஜார்ஜ் பாஸ்பரி என்பவர் இந்தியப் படையில் பணி புரிந்த ஆங்கில அதிகாரி. 1863-இல் வடமேற்கு எல்லைப் போரில் காட்டிய வீரத்துக்காக 'விக்டோரியா கிராஸ்' பெற்றவர். சுடும்போது கை பின்னால் உதைபடுகிறதே, அந்த உதையையே வேலை வாங்கினால் என்ன என்று அவர் யோசித்தார். உதையின் வேகத்தில் குழலும் உருளையும் பின்னால் நகர்ந்து, அடுத்த தோட்டாவைத் தாமே தயார் செய்யும் ரிவால்வர் ஒன்றை அமைத்தார். 1901 வாக்கில் 'வெப்ளி–பாஸ்பரி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

யோசனை அருமை. ஆனால் மண்ணும் சேறும் புகுந்தால் நகரும் பாகம் நின்றுவிடும். ராணுவம் அதை ஏற்கவே இல்லை. அன்று வேண்டாம் என்று தள்ளப்பட்டதற்குத்தான் இன்று சேகரிப்பவர்களிடையே கடும் போட்டி!

முதல் யுத்தத்துக்குப் பின், அவ்வளவு கனமான ரிவால்வரைப் பழக்குவது கஷ்டம் என்று ராணுவம் கருதியது. 'பாயிண்ட் 38' அளவில் சிறியது ஒன்றைத் தேடியது. வெப்ளி கம்பெனி மாதிரி கொடுத்தது. ஆனால் 1932-இல் என்பீல்டு அரசுத் தொழிற்சாலை, ஏறக்குறைய அதே அமைப்பில் தானே செய்யத் தொடங்கிவிட்டது. கம்பெனி சண்டைக்குப் போய் நஷ்டஈடு பெற்றது. இரண்டாம் யுத்தம் வந்ததும் துப்பாக்கி போதாமல், அதே வெப்ளியிடம் அரசு மீண்டும் வாங்க வேண்டி வந்தது!

எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது எண்களை. சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு அதிகம். அடுத்து, அரசுச் சொத்து என்பதைக் காட்டும் அம்புக்குறி முத்திரை. பிறகு, விற்ற கடையின் பெயர். ஏனென்றால் அந்நாளில் ஆங்கில அதிகாரிகள் பலர் தங்கள் ரிவால்வரைச் சொந்தப் பணத்திலேயே வாங்கினார்கள். கடைக்காரர்கள் தங்கள் பெயரைத் துப்பாக்கியின் மேல் பொறித்துக் கொடுத்தார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர் பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையும் அக்காலத்தில் துப்பாக்கி விற்றதுதான்.

போலிகளும் உண்டு. இன்றைய பாகிஸ்தானில், கைபர் கணவாய்ப் பக்கத்தில் உள்ள தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் வெப்ளியை அப்படியே பார்த்துச் செய்துவிடுவார்கள். ஆனால் ஆங்கில எழுத்து அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும். பெயரில் எழுத்துப் பிழை இருக்கும். எழுத்துகள் தலைகீழாகவும் நிற்கும்!

சுடுவதில் உள்ள ஆபத்து

பழைய ரிவால்வரைச் சுடுவது விளையாட்டுக் காரியம் அல்ல. யுத்தத்துக்குப் பின் ஏராளமான வெப்ளிகள் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே 'பாயிண்ட் 455' தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. உருளையின் பின்புறத்தைச் சிறிது சீவிவிட்டு, தங்கள் ராணுவத்தின் 'பாயிண்ட் 45' பிஸ்டல் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். தோட்டா பொருந்தியது, அழுத்தம் பொருந்தவில்லை. வெப்ளி தாங்குவதற்கென்று செய்த அழுத்தத்தைவிட அது மிக அதிகம். உருளை வெடித்தால் போவது சுடுபவரின் விரல்கள்தாம். இன்று விவரம் தெரிந்தவர்கள் அடி குடைந்த மெல்லிய ஈயக் குண்டும், குறைந்த மருந்தும் வைத்துத் தாங்களே தோட்டா கட்டிக்கொள்கிறார்கள்.

பிறந்த நாட்டிலேயே பூட்டு

1996 மார்ச் 13-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் அனைத்தும் லைசென்ஸ் பெற்றவை. நாடே கொதித்தது. 1997-இல் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது.

பழம்பொருளுக்கு மட்டும் ஒரு சிறு வாசல் திறந்து வைத்தார்கள். 1919-க்கு முன் செய்தவற்றில் சிலவற்றை, தோட்டா எளிதில் கிடைக்காத ரகமாக இருந்தால், அனுமதியுடன் வீட்டில் வைக்கலாம், சுடக் கூடாது. வரலாற்றுச் சிறப்புள்ள வேறு சிலவற்றைச் சுடலாம். ஆனால் வீட்டில் வைக்கக் கூடாது. குறிப்பிட்ட மைதானங்களில் பூட்டி வைத்து, அங்கேயே சுட்டுவிட்டு வர வேண்டும்!

இங்கே சட்டம் என்ன?

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது. வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1959-இல் எல்லோருக்கும் பொதுவான சட்டம் செய்தது. 'பாயிண்ட் 455', 'பாயிண்ட் 38' ஆகிய ராணுவத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட ரகத்தில் சேர்ந்தன. எனவே துரைமாரின் வெப்ளி சாதாரண லைசென்சுக்குள் அடங்காது.

பொதுமக்களுக்கு அனுமதி உள்ளது 'பாயிண்ட் 32'. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் அந்த ரிவால்வரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே கொக்கி, அதே மடிப்பு. வெப்ளியின் குழந்தை அது! ஆளும் போய், கொடியும் இறங்கியபின், அச்சு மட்டும் நின்றுவிட்டது.

2019-இல் சட்டம் இன்னும் இறுகியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. ஆகவே சேகரிப்பு என்பது இங்கே பெரும்பாலோருக்குக் கனவுதான். எந்த வகையிலும், பழுது பார்த்தாலும்கூட, சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது.

பயிர்க் காவலுக்கு நீண்ட குழல் துப்பாக்கியைச் சட்டம் தனியாகவே கருதுகிறது. ஆனால் 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் சுடுவதற்கும் கட்டுப்பாடு. 2013-இல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தது. தேர்தல் வந்தாலோ, லைசென்ஸ் துப்பாக்கியும் போலீஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறது. ஓட்டு எண்ணும்வரை யானை காத்திருக்குமா? மலைத் தோட்டக்காரரின் இந்தக் கவலை நியாயமானதே. அதற்குத் தீர்வு வேலியிலும், வனத்துறையின் உதவியிலும், தாமதமில்லாத நஷ்டஈட்டிலும் இருக்கிறது. ரிவால்வரில் இல்லை.

பெட்டியில் இருந்தால்?

தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறீர்கள். துருப்பிடித்த ரிவால்வர் ஒன்று கிடக்கிறது. என்ன செய்வது?

விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம்; நூறு வயது ஆனாலும் வெடிக்கலாம். பேரப்பிள்ளைகளிடம் காட்டாதீர்கள். கிணற்றில் போடவோ, இரவோடு இரவாக விற்கவோ நினைக்காதீர்கள். தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் வாரிசு என்ற முறையில் மனுப் போடவும் வழி உண்டு.

பழைய ஆயுதங்களைப் பார்க்க ஆசையா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவே இருக்கிறது. குழந்தைகளையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கி சரித்திரம் சொல்லும். அலமாரியில் ஒளிந்திருக்கும் துப்பாக்கி என்றைக்காவது ஒரு வீட்டை அழ வைக்கும்.